செக்ரோலும் காணிக்கைப் பையும்: ஊவாத் தோட்டங்களில் ஈகையும் கூட்டுவாழ்வும்

ஊவாவின் பதுளை மாவட்டத்துத் தேயிலைத் தோட்டத் தொழிலாளியின் சம்பளச் சிட்டையைப் பார்த்தால் வரவை விடக் கழிவுகளின் வரிசை நீளமாயிருக்கும். ஊழியர் சேமலாப நிதிக்கு நூற்றுக்கு எட்டு வீதம், தொழிற்சங்கச் சந்தா, முன்பே வாங்கிய முற்பணம் என்று அது போகும். பல தோட்டங்களில் கோயில் சந்தாவும், மரண சகாயப் பணமும், சலவைத் தொழிலாளிக்கும் முடி வெட்டுபவருக்கும் உரிய தொகையும் இப்படியே செக்ரோல் என்னும் சம்பளப் பதிவேட்டில் கழிக்கப்பட்டு வந்தன. பின்னே சொன்னவற்றில் பெரும்பகுதி சமூகத்துக்காகக் கொடுக்கப்படும் பணந்தான். ஆனால் கொடுப்பவரின் கை அதைத் தொடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை அதே தொழிலாளி, கிறிஸ்தவராயிருந்தால், மிச்சத்திலிருந்து ஒரு தாளை மடித்துக் காணிக்கைப் பையில் போடுகிறார். அந்தத் தாளை மட்டும் அவரே எடுக்கிறார், அவரே மடிக்கிறார், எவ்வளவு என்பதையும் அவரே தீர்மானிக்கிறார்.

தருமம், செபம், நோன்பு ஆகிய மூன்றையும் இயேசு மலைப்பொழிவில் ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்கிறார். தவக்காலம் முழுவதும் இந்த மூன்றின்மீதுதான் நிற்கிறது. அண்மைக் காலத்தில் ஆன்மிகப் பயிற்சிகள் பற்றி எழுதப்பட்ட நூல்களில் அதிகம் வாசிக்கப்பட்டது ரிச்சர்ட் ஃபாஸ்டர் 1978இல் வெளியிட்ட நூல். அது பயிற்சிகளை உள்முகமானவை, வெளிமுகமானவை, கூட்டாகச் செய்பவை என்று பிரிக்கிறது. கொடுத்தல் அங்கே எளிமை என்னும் பயிற்சிக்குள் அடங்கிவிடுகிறது. இந்த வகை நூல்கள் மனத்தில் வைத்துப் பேசும் வாசகரிடம் தேவைக்கு மேல் பொருள் இருக்கிறது, அவர் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு தனித்திருக்கிறார். கொடுத்தால் பொருளாசை குறையும், கூடிவந்தால் தனிமை தீரும் என்பது அவருக்கான மருந்து. மடுல்சீமையிலோ பூனாகலையிலோ லயத்தில் வாழ்பவருக்கு இந்த இரண்டு நோயும் இல்லை. அவரிடம் மிச்சமும் இல்லை, தனிமையும் இல்லை. அப்படியானால் கொடுத்தலும் கூட்டுவாழ்வும் அவருக்கு எந்த வகையில் பயிற்சி ஆகும்? இக்கட்டுரை ஆராய முற்படுவது இதையே.

ஊவாவில் கிறிஸ்தவ ஈகை முதலில் மேலிருந்து வந்தது. கோப்பிக் காலத்தில், 1854இல், தமிழ்க் கூலி மிஷன் தொடங்கப்பட்டபோது உபதேசியார்களின் செலவைத் தோட்டத்துரைமார் சந்தாவாகக் கொடுத்தார்கள். சர்ச் மிஷனரி சங்கம் மேற்பார்வை செய்தது. உபதேசியார்கள் திருநெல்வேலியிலிருந்து வந்தார்கள். தொழிலாளிக்குத் தன் ஊர்த் தமிழில் வேதம் கேட்கக் கிடைத்தது என்பது சிறிய காரியமல்ல. ஆனால் உபதேசியாரின் சம்பளமும் தொழிலாளியின் சம்பளமும் ஒரே கையிலிருந்து வந்தன என்பதையும் மறக்கக் கூடாது. துரை கொடுக்கும் சந்தாவில் வாழ்பவர் துரையின் கூலிக் கணக்கைப் பற்றிப் பிரசங்கம் செய்வது எப்படி? தோட்டத்துச் சிற்றாலயங்களும் தோட்டத்து நிலத்திலே, தோட்டத்தின் அனுமதியோடு எழுந்தவை.

பதுளை நகரிலுள்ள புனித மாற்கு ஆலயம் அந்தக் காலத்து ஈகையின் இன்னொரு முகத்தைக் காட்டுகிறது. 1857இல் கட்டப்பட்ட அந்த ஆலயம், பதுளையின் உதவி அரசாங்க அதிபராயிருந்த மேஜர் தோமஸ் வில்லியம் ரோஜர்ஸின் நினைவாக எழுந்தது. 1845 ஜூனில் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தவர் அவர். ஆயிரத்து நானூறு யானைகளுக்கு மேல் சுட்டவர் என்று பெயர் பெற்றவர். அவருடைய நண்பர்களும் அபிமானிகளும் எல்லா வகுப்பிலிருந்தும் சேர்ந்து கட்டியது என்று நினைவுக்கல் சொல்கிறது. அழகான ஆலயம். ஆனால் வலக்கை செய்வதை இடக்கை அறியக் கூடாது என்று போதித்தவரின் பெயரால் கல்லில் பெயர் பொறிப்பது நம் திருச்சபைகளில் எவ்வளவு இயல்பாகிவிட்டது என்பதை அங்கே நின்றால் உணரலாம். இன்றும் மின்விசிறிச் சிறகிலும் வாங்கின் முதுகிலும் உபயகாரர் பெயரைப் பார்க்கிறோம். லயத்திலிருந்து வந்த நாணயங்களுக்குக் கல்வெட்டு கிடையாது. இயேசு சொன்ன மறைவான தருமம் என்பது லயத்து மக்களுக்கு வேறு வழியில்லாமலே வாய்த்துவிட்டது.

1880களில் மெதடிஸ்ட் போதகர் சாமுவேல் லாங்டன் ஊவாவில் நடத்திய பணியும், அநாதைப் பிள்ளைகளுக்கு அவர் ஏற்படுத்திய இல்லமும், அந்த நூற்றாண்டின் ஈகை வகையைச் சேர்ந்தவையே. குறை சொல்வதற்காக இவற்றைச் சொல்லவில்லை. பசித்த பிள்ளைக்குச் சோறு போட்டவரை வரலாற்றின் பெயரால் இகழ்வது நன்றியற்ற செயல். ஆனால் மூன்று தலைமுறைக் காலம் தோட்டத்துக் கிறிஸ்தவர் வாங்குபவராக மட்டுமே பதிவேடுகளில் இருந்தார். கொடுப்பவர் என்னும் இடத்தில் அவருடைய பெயர் வரவில்லை.

இந்த இடத்தில் யாழ்ப்பாணத்துக்கு ஒருமுறை போய்வர வேண்டியிருக்கிறது. திருநெல்வேலி வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா என்னும் இளைஞர் 1902இல் யாழ்ப்பாணம் வந்தார். யாழ்ப்பாணத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தப் பணத்தில், தங்கள் ஆட்களையே மிஷன் பணிக்கு அனுப்புவதைப் பார்த்தார். அது அவரை உலுக்கியது. திரும்பிப் போன மறு ஆண்டே, 1903 பெப்ரவரியில், பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. பணமும் ஆளும் நிர்வாகமும் இந்தியருடையதாயிருக்க வேண்டும் என்பது அதன் கொள்கை. பிறகு 1912இல் அசரியா தோர்ணக்கல்லின் ஆயராகி, ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்திய ஆயர் ஆனார். அவருடைய மறைமாவட்டத்தில் பெரும்பாலோர் நிலமற்ற, தீண்டத்தகாதோர் என்று ஒதுக்கப்பட்ட தெலுங்கு மக்கள். அவர்களிடம் அவர் காணிக்கை கேட்டார். கிறிஸ்தவ ஈகை பற்றித் தனி நூலே எழுதினார். ஏழையிடம் கேட்காமலிருப்பது இரக்கம்போலத் தோன்றினாலும் அது அவனை மனிதனாக மதிக்காமலிருப்பதே என்பது அவருடைய வாதத்தின் சாரம். 1910இல் எடின்பரோ மாநாட்டில், வெள்ளை மிஷனரிகளின் தியாகத்தையெல்லாம் நன்றியோடு ஒப்புக்கொண்டுவிட்டு, எங்களுக்கு உங்கள் நட்பு வேண்டும் என்று அவர் கேட்டதும் இதே சிந்தனையிலிருந்து வந்ததுதான். பொருளைக் கொடுத்துவிட்டு உறவை மறுப்பவரை அவர் நேரில் கண்டிருந்தார்.

திருநெல்வேலிச் சபைகளில் இந்தக் கொள்கையை நடைமுறையாக்கியது பெண்கள் எடுத்துவைத்த பிடியரிசி. உலைக்கு அரிசி அளக்கும்போது ஒரு பிடியைத் தனிக் கலயத்தில் போட்டுவைத்து, வாரக் கடைசியில் ஆலயத்தில் சேர்ப்பார்கள். 1910 முதல் மிசோரமில் பிரெஸ்பிட்டேரியன் சபைப் பெண்களும் இதையே செய்து, ஒரு மலைநாட்டுத் திருச்சபை முழுவதையும் தாங்கிப் பிடித்திருக்கிறார்கள். எழுத்தறியாத பெண்ணும் செய்யக்கூடிய, ஒவ்வொரு நாளும் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டிய, பசிக்கும் வேளையிலேயே செய்ய வேண்டிய செயல் இது. ஆன்மிகப் பயிற்சி என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. தோட்டமே அரிசி கொடுத்து அதன் விலையைச் சம்பளத்தில் கழித்துக்கொண்ட காலத்தில், கணக்கில் ஏறிவிட்ட அந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுப்பது என்ன பொருள் தரும் என்று எண்ணிப் பார்க்கலாம். கடனாக வந்த அரிசியின் ஒரு பிடி கொடையாக மாறுகிறது. அந்த ஒரு பிடியின்மேல் தோட்டத்துக்கு அதிகாரம் இல்லை.

அசரியாவின் வாதத்தை ஏற்றுக்கொண்டே அதன் எல்லையையும் சொல்ல வேண்டும். ஏழையின் காணிக்கையைப் புகழும்போது பிரசங்கிமார் தவறாமல் எடுப்பது மாற்கு நற்செய்தியின் பன்னிரண்டாம் அதிகாரத்திலுள்ள ஏழைக் கைம்பெண்ணை. இரண்டு சிறு காசுகள் போட்டாள். தன் பிழைப்புக்குள்ள எல்லாவற்றையும் போட்டுவிட்டாள். ஆனால் அதற்கு முந்திய வசனத்தை வாசிக்க மறந்துவிடுகிறோம். கைம்பெண்களின் வீடுகளை விழுங்கிவிட்டு நீண்ட செபம் செய்யும் மறைநூல் அறிஞரைப் பற்றி அங்கேதான் இயேசு எச்சரிக்கிறார். அடுத்த அதிகாரத்தின் தொடக்கத்திலேயே அந்த ஆலயம் கல்லின்மேல் கல் இராதபடி இடிக்கப்படும் என்கிறார். அவளுடைய வீட்டை விழுங்கியது யார் என்று கேட்காமல் அவளுடைய காசை மட்டும் புகழ்வது பாதி நற்செய்தி. தோட்டப்புற மேடையில் இந்தப் பாதியைப் பிரசங்கிப்பது எளிது. கேட்பவர்கள் கண்ணீர் விடுவார்கள், பையும் நிறையும்.

தசமபாகத்தைப் பற்றி இன்னும் வெளிப்படையாகப் பேச வேண்டும். புதிய சபைகள் பலவற்றில், சில பழைய சபைகளிலும், பத்தில் ஒன்று கட்டாயம் என்று போதிக்கப்படுகிறது. நாட்சம்பளம் ஆயிரம் ரூபாயாக வேண்டும் என்று பல ஆண்டுகள் போராடி, அது கிடைத்தது 2021இல். 2024இல் அது 1,350 ஆயிற்று. அந்தச் சம்பளத்தில் மாதத்தில் இருபது பேர், அதாவது இருபது நாள் வேலை, விழுந்தால் 27,000 ரூபா. பத்தில் ஒன்று 2,700, அதாவது இரண்டு நாள் முழுப் பேர். கொழுந்து குறைந்து அரைப் பேர் போடப்பட்ட மாதத்தில் கணக்கு இன்னும் கசக்கும். பழைய ஏற்பாட்டில் தசமபாகம் எதிலிருந்து எடுக்கப்பட்டது? நிலத்தின் விளைச்சலிலிருந்தும் மந்தையிலிருந்தும். கொடுத்தவர்கள் நிலமுடையவர்கள். வாங்கியவர்கள் யார் என்று இணைச்சட்டம் பதினான்காம் அதிகாரம் பெயர் சொல்கிறது: நிலத்தில் பங்கில்லாத லேவியர், அந்நியர், அநாதைகள், கைம்பெண்கள். மூன்றாம் ஆண்டின் தசமபாகம் ஊர் வாசலிலே அவர்களுக்காக வைக்கப்பட்டது. ஊவாத் தோட்டத்துத் தொழிலாளியை இந்தப் பட்டியலில் எங்கே வைப்பது? இருநூறு ஆண்டுக்கு அருகில் மலையைப் பயிராக்கியும் அவருக்குச் சொந்தக் காணி இல்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவரை அந்நியர் என்றே எழுதிவைத்தது. அந்த எழுத்து முழுமையாக அழிய 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மோசேயின் சட்டப்படி பார்த்தால் அவர் தசமபாகம் பெற வேண்டியவர். அவரிடம் தசமபாகத்தைக் கட்டாயமாக வாங்குவது வேதத்தைத் தலைகீழாக வாசிப்பதாகும். விதைக் காணிக்கை போட்டால் நூறு மடங்கு விளையும் என்று சொல்லி அடகுக் கடைக்கு அனுப்பும் பிரசங்கத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

அப்படியென்றால் பிடியரிசியும் தவறா? இல்லை. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தில் இதற்கு விடை இருக்கிறது. மக்கெதோனியச் சபைகள் கொடிய வறுமையிலும் வாரிக் கொடுத்ததை அவர் சொல்கிறார். ஆனால் அவர்கள்தாம் கெஞ்சிக் கேட்டுக் கொடுத்தார்கள் என்பதையும், வருத்தத்தோடோ கட்டாயத்தினாலோ கொடுக்கக் கூடாது என்பதையும், நோக்கம் ஒருவரை வாட்டி மற்றவரை வாழ்விப்பதன்று, சமநிலை உண்டாவதே என்பதையும் சேர்த்தே எழுதுகிறார். சமநிலை என்பதே அளவுகோல். ஏழை தன் விருப்பத்தால் தன்னையொத்தவருக்குக் கொடுக்கும்போது அது சமநிலையை நோக்கிப் போகிறது. வற்புறுத்தலால் தன்னைவிட உயர்ந்தவருக்குக் கொடுக்கும்போது அதை விட்டு விலகுகிறது. வள்ளுவரும் ஒப்புரவறிதலுக்குத் தனி அதிகாரம் வகுத்த பின்னரே ஈகைக்கு வருகிறார்.

இனி கூட்டுவாழ்வு. தெளிவத்தை ஜோசப் பதுளைக்கருகே ஊவாக்கட்டவளையில் 1934இல் பிறந்த கத்தோலிக்கர், 2022இல் மறைந்தார். தெளிவத்தைத் தோட்டத்தின் பெயரைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டு மலையக மக்களின் வாழ்வை எழுதினார். ஒற்றைக் காம்பராவுக்குள் பல தலைமுறை படுத்துறங்குவதால் நேரும் அவலத்தை அவருடைய ‘மீன்கள்’ சிறுகதை சொல்கிறது. அதை வாசித்தவர் எவரும் கூட்டுவாழ்வு என்ற சொல்லை இலேசாகச் சொல்ல மாட்டார். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவும், பக்கத்துக் காம்பராவின் இருமல் கேட்கும் சுவரும், பத்துக் குடும்பத்துக்கு ஒரு தண்ணீர்ப் பீலியும் தோட்டக் கம்பெனியின் சிக்கனத்தால் வந்தவை. அது நெருக்கடி. நெருக்கடியிலிருந்து உறவு தானாக முளைப்பதில்லை. சண்டையும் குடியும் பொறாமையும் முளைப்பதும் அங்கேதான்.

ஆகவே ஊவாவில் கூட்டுவாழ்வு என்ற பயிற்சி, திணிக்கப்பட்ட நெருக்கத்தை விரும்பி ஏற்ற உறவாக மாற்றுவது. அது நடக்கிற இடங்கள் உண்டு, அவற்றில் முதலாவது மரண வீடு. தோட்டத்தில் ஒருவர் இறந்தால் அன்று மலையில் வேலை நிற்கும். பையன்கள் குழி வெட்டப் போவார்கள். வீட்டுக்கு வீடு காசு, சீனி, தேயிலைத் தூள், விறகு சேரும். இறந்தவர் வேதக்காரராயிருந்தாலும் இந்துவாயிருந்தாலும் இதில் வித்தியாசம் கிடையாது. கார்த்தேஜ் நகரத்துத் தெர்த்துல்லியன் ஏறக்குறைய கி.பி. 197இல் கிறிஸ்தவரின் பொதுநிதியைப் பற்றி எழுதுகையில், மாதந்தோறும் அவரவர் விரும்பியதைப் போடுவதாகவும், அது ஏழைகளை அடக்கம் செய்யவும் அநாதைகளையும் முதியவர்களையும் பார்க்கவும் செலவாவதாகவும் சொல்கிறார். அவர் விவரிப்பதை நம் மரண சகாயச் சங்கங்கள் நூறாண்டுக்கு மேலாகச் செய்து வருகின்றன, அதை ஆன்மிகம் என்று யாரும் பெயரிடாமலே. தோட்டத்துக் கிறிஸ்தவர் கூட்டுவாழ்வைப் பெரும்பாலும் இந்து அயலாரிடமிருந்துதான் கற்றிருக்கிறார். இதை ஆலயங்களில் சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

மெதடிஸ்ட் வரலாற்றில் ஒரு நிகழ்ச்சி நம் கேள்விக்கு மிக நெருக்கமானது. 1742இல் பிரிஸ்டல் நகரில் தொழுகைக் கூடத்துக் கடனை அடைப்பது எப்படி என்று பேசினார்கள். ஒவ்வொருவரும் வாரம் ஒரு பென்னி கொடுக்கலாம் என்றார் கப்பல் தலைவர் ஃபோய் என்பவர். பலர் அதற்கும் இயலாதவர்கள் என்று ஒருவர் மறுத்தார். அப்படியானால் மிக ஏழையான பதினொரு பேரை என் பொறுப்பில் விடுங்கள்; இயன்றவர் கொடுக்கட்டும், இயலாதவருக்காக நான் போடுகிறேன் என்றார் அவர். இப்படிப் பன்னிரண்டு பேர் கொண்ட குழுக்கள் அமைந்தன. வாரந்தோறும் காசு வாங்க வீட்டுக்குப் போனவர்கள் நோயையும் சண்டையையும் கடனையும் கண்டார்கள். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி உடனே புரிந்துகொண்டார்: இது கணக்கு வேலையல்ல, மேய்ப்புப் பணி. மெதடிஸ்ட் வகுப்புக் கூட்டம் என்ற அமைப்பே அந்த ஒரு பென்னியிலிருந்து பிறந்தது. கொடுத்தலும் கூட்டுவாழ்வும் இரண்டு பயிற்சிகளல்ல என்று காட்ட இந்த ஒரு நிகழ்ச்சி போதும். காசு வாங்கப் போனவர் உறவோடு திரும்பினார். செக்ரோல் கழிவில் தொலைந்துபோனது அந்த வீட்டுக்குப் போகும் நடைதான்.

இன்று பசறை, லுணுகலைப் பக்கத்து லயக் காம்பராக்களில் கூடும் சிறிய செபக் குழுக்கள், அவற்றின் போதனையில் எனக்கு உடன்பாடில்லாத பகுதிகள் இருந்தாலும், இந்த நடையை மீட்டெடுத்திருக்கின்றன. காய்ச்சலில் கிடக்கும் பெண்ணுக்கு யார் கஞ்சி கொண்டு போனார்கள் என்று கேட்டால், பெரும்பாலும் செபக் குழுவிலுள்ள பெண்ணின் பெயர்தான் வரும். பங்கு ஆலயம் பத்து மைல் தொலைவில், பேருந்துக் கட்டணத்தைக் கேட்டாலே பயணம் நின்றுவிடும் தொலைவில் இருக்கிறது. பெரிய சபைகள் இந்தக் குழுக்களைப் போட்டியாகப் பார்த்தன. பாடமாகப் பார்த்திருக்கலாம்.

பதுளைக் கத்தோலிக்க மறைமாவட்டம் 1972 டிசம்பரில் கண்டியிலிருந்து பிரிக்கப்பட்டது. கண்டியின் ஆயராயிருந்த, பெனடிக்ட் துறவியான லியோ நாணயக்கார, பழைமையும் வசதியும் உள்ள கண்டியை விட்டு, புதிய, வறிய பதுளையைத் தானே தேர்ந்துகொண்டு வந்தார். அடுத்த இரண்டு ஆண்டுகளில் தோட்டங்களைப் பட்டினி தாக்கியது. அரிசியும் மாவும் பங்கீட்டில் சுருங்கின. தோட்டங்கள் அரசுடைமையாகிக்கொண்டிருந்த குழப்பத்தில் வேலை நாளும் குறைந்தது. தோட்டத்து மக்கள் நகரங்களின் வீதிகளில் கையேந்தினார்கள், பலர் இறந்தார்கள். கூடவே 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி குடும்பங்கள் கூடலூருக்கும் கோத்தகிரிக்கும் கப்பலேறிக்கொண்டிருந்தன. லயங்கள் பாதியாகக் காலியாயின. அந்தக் காலத்தில் ஆயர் லியோ பண்டாரவளையில் சேவக செவன என்ற குருமடத்தை ஏற்படுத்தினார். குருவாகப் போகிறவர் மதிலுக்குள் படித்துவிட்டு மக்களிடம் போவதற்குப் பதில், மக்களிடையே வாழ்ந்துகொண்டே படிக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். 1982இல் அவர் மறைந்தார். கண்டியை விட்டு வந்த அந்த ஒரு முடிவே அவர் கொடுத்த காணிக்கை. பதவியையும் சொகுசையும் கொடுப்பது பணத்தைக் கொடுப்பதை விட அரிது. அதற்கு ரசீதும் கிடையாது.

சேவக செவனவில் கற்பித்துக்கொண்டிருந்த அமலமரித் தியாகிகள் சபைக் குரு மைக்கல் ரொட்ரிகோ இன்னும் ஒரு படி போனார். இரண்டு முனைவர் பட்டம் பெற்றவர். 1980இல் ஊவாவின் கீழ்ப்பகுதியில், மொனராகலை மாவட்டத்துப் புத்தலைக்கு அருகே அலுகலவிட்ட என்ற ஊரில், சுபசெத் கெதர என்ற சிறு வீட்டை அமைத்துச் சிங்கள பௌத்த விவசாயிகள் நடுவே குடியேறினார். மதம் மாற்ற அவர் போகவில்லை. பிள்ளைகளுக்குக் கல்வி, மூலிகை மருத்துவம், பிக்குகளோடு உரையாடல் என்று அவர் நாட்கள் போயின. சீனித் தொழிற்சாலைக்குக் கரும்பு பயிரிடக் காணி எடுக்கப்பட்டபோது நிலமிழந்த விவசாயிகளின் பக்கம் நின்றார். 1987 நவம்பர் 10 அன்று, திருப்பலி ஒப்புக்கொடுத்துக்கொண்டிருக்கையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் தோட்டத்துத் தமிழரிடையே வாழ்ந்தவரல்லர். ஆயினும் ஊவாவில் கொடுத்தல் பற்றி எழுதும் எவரும் அவரைத் தாண்டிப் போக முடியாது. பொருள் கொடுப்பதில் தொடங்கும் பயிற்சி, நீதி கேட்பதில் போய் முட்டும்போது என்ன விலை கேட்கும் என்பதை அவர் உடலால் காட்டினார். தருமம் செய்யும்வரை யாரும் அவரைத் தொடவில்லை. காணியைப் பற்றிப் பேசியவரைத்தான் சுட்டார்கள் என்று நான் நினைக்கிறேன்.

அப்புத்தளையில் ஆதிஷாம் மாளிகை இருக்கிறது. சேர் தோமஸ் வில்லியர்ஸ் 1931இல் கட்டிய அந்தக் கல்மாளிகை, 1960களின் தொடக்கத்திலிருந்து சில்வெஸ்திர பெனடிக்ட் துறவிகளின் மடம். தோட்டத் துரைத்தனத்தின் உச்சியில் கட்டப்பட்ட வீட்டில், எதையும் தன்னுடையது என்று சொல்லக் கூடாது என்ற பெனடிக்ட் ஒழுங்கின்படி துறவிகள் வாழ்கிறார்கள். பழக்கூழும் பானமும் செய்து விற்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பார்க்க வரும் கூட்டம் மாளிகையைத்தான் பார்க்கிறது. தனியுடைமை இல்லாத ஒரு வீடு ஊவாவில் இத்தனை ஆண்டுகளாக நடக்கிறது என்பதை யாரும் படமெடுப்பதில்லை.

எருசலேமின் முதல் சபை எல்லாவற்றையும் பொதுவாக வைத்திருந்தது என்று திருத்தூதர் பணிகள் நூல் இரண்டாம் நான்காம் அதிகாரங்களில் சொல்வதை நாம் அடிக்கடி கேட்கிறோம். ஆறாம் அதிகாரத்தை அவ்வளவு கேட்பதில்லை. அங்கே அதே சபையில் முறைப்பாடு எழுகிறது: அன்றாடப் பங்கீட்டில் கிரேக்க மொழி பேசும் கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லை. பிரச்சினை மொழியைப் பற்றியது. திருத்தூதர் அதற்குக் கண்டறிந்த தீர்வு வியப்பூட்டுவது. ஏழு பேரைத் தெரிந்தெடுத்துப் பங்கிடும் பொறுப்பையே அவர்களிடம் கொடுத்தார்கள், அந்த ஏழு பேரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன பகுதியின் கையிலேயே பெட்டியின் திறவுகோல் கொடுக்கப்பட்டது. சிங்களமும் தமிழும் ஒரே பீடத்தின் முன் நிற்கும் ஊவாத் திருச்சபைகளுக்கு இதைவிட நேரடியான வழிகாட்டல் வேண்டியதில்லை. தோட்டத்து மக்களுக்காக வரும் உதவியை யார் தீர்மானிக்கிறார்கள், நிதிக்குழுவில் கொழுந்தெடுக்கும் பெண் ஒருத்தியாவது இருக்கிறாளா, கணக்கு அவளுடைய மொழியில் வாசிக்கப்படுகிறதா என்ற கேள்விகள் நிர்வாகக் கேள்விகளாகத் தள்ளப்படுகின்றன. அவை ஆன்மிகக் கேள்விகள்.

2014 அக்டோபர் 29 காலை, கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருந்தார்கள். திரும்பி வந்தபோது வீடும் பெற்றோரும் இல்லாதவர்கள் இருந்தார்கள். அந்த இடம் ஆபத்தானது என்று முன்பே எச்சரிக்கப்பட்டிருந்தது. போவதற்குச் சொந்த நிலம் இல்லாதவருக்கு எச்சரிக்கை என்ன செய்யும்? கணேசா வித்தியாலயத்திலும் பூனாகலையிலும் தங்கவைக்கப்பட்டவர்களுக்கு நாடெங்குமிருந்து லொறி லொறியாய் உடுப்பும் உணவும் வந்தன. தெற்கிலிருந்து விகாரைகளும், வடக்கிலிருந்து கோயில்களும், ஆலயங்களும் பள்ளிவாசல்களும் அனுப்பின. அது உண்மையான அன்பு. ஆனால் மக்கல்தெனியவில் கட்டப்பட்ட வீடுகளுக்குள் குடும்பங்கள் போக இரண்டு ஆண்டுகள் சென்றன, அதுவரை பழைய தொழிற்சாலைக் கட்டடம் ஒன்றில் இருந்தார்கள். உடுப்பு வந்த வேகத்தில் காணி வரவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் பதுளை மாவட்டத்து மலைகளை மறுபடியும் சரித்தபோது, அதே லொறிகள், அதே அன்பு, அதே லயங்கள்.

உடுப்புக் கொடுப்பவரும் வாங்குபவரும் தத்தம் இடத்திலேயே இருந்துவிடலாம். காணி கைமாறினால் இருவர் இடமும் மாறிவிடும். திருத்தூதர் பணிகள் நான்காம் அதிகாரத்தில் சைப்பிரசு நாட்டு பர்னபா தன் நிலத்தை விற்றுப் பணத்தைத் திருத்தூதரின் காலடியில் வைக்கிறார். அந்த நூல் பெயர் சொல்லிப் பாராட்டும் முதல் காணிக்கை அது, காணியின் காணிக்கை. தோட்டங்களில் பேசப்படும் வீட்டுக் காணியும் உறுதியும் அரசினதும் கம்பெனிகளினதும் கையிலிருப்பவை என்பது உண்மைதான். திருச்சபைகளின் பெயரிலும் ஊவாவில் காணி உண்டு. தங்கள் சுவருக்கு அப்பால் சரியும் மலையின் கீழே படுத்திருக்கும் சொந்தச் சபையாரின் பெயருக்கு அதில் ஒரு பகுதியை எழுதிக் கொடுப்பதைப் பற்றி, அடுத்த தவக்காலத்துக்குள் ஒரு பங்குப்பேரவையோ ஆலயக் குழுவோ ஒரு தீர்மானம் எடுத்தால், அதைப் பதுளைக் கச்சேரிக்குக் கொண்டுபோக வழி இருக்கிறது.